அமைச்சராகவா, தனி மனிதராகவா? பல்கலைக்கழக உரை அரங்குகளில் கண்டதும் கேட்டதும்

சர்வதேச விவகாரங்கள், பொதுக்கொள்கை ஆகியவை குறித்துப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொது உரைகளுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். தொடக்கத்தில் நான் அங்கே தகவல் திரட்டத்தான் போனேன் என்பதைச் சற்று வெட்கத்துடன்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு வந்து பிறகு சரிபார்த்தால், அதில் பெரும்பகுதி அந்த உரையாளரே முன்பு கட்டுரைகளில் எழுதியதாக இருக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றியது ஓய்வுபெற்ற தூதர் ஒருவருடன் நேர்ந்த சிறு சந்திப்பு.

அன்று ஆயுதக் கட்டுப்பாடு குறித்து உரையாற்றியவர், அப்போது பதவியில் இருந்த ஒரு வெளியுறவு அதிகாரி. உரையின் நடுவே "இது என் சொந்தக் கருத்து" என்று அவர் மூன்று முறை சொன்னார். எனக்கு அது சம்பிரதாயமான தற்காப்பாகவே பட்டது. ஆனால், பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் ஒவ்வொரு முறையும் தம் தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். வேறு எதையும் அவர் எழுதவே இல்லை. கூட்டம் கலைந்தபோது காரணம் கேட்டேன். "அந்த மூன்று இடங்களைத்தான் தம்பி, இங்கே வந்திருக்கும் தூதரக அலுவலர்கள் இன்றிரவே தங்கள் தலைநகருக்கு எழுதி அனுப்புவார்கள். மற்றவை எல்லாம் ஏற்கெனவே அறிக்கைகளில் வந்தவை" என்றார்.

பிறகு நின்றபடியே விளக்கினார். நாடாளுமன்றத்தில் சொன்னால் அது அரசின் வாக்குறுதி ஆகிவிடும். மூடிய அறையில் சொன்னால் கேட்க வேண்டியவர் பலருக்கு அது எட்டாது. பல்கலைக்கழக மேடை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே வெளியிடப்படும் யோசனைக்கு நல்ல வரவேற்பு கிடைத்தால் அது கொள்கையாக வளரும். எதிர்ப்பு கிளம்பினால் வெறும் கல்விசார் உரை என்று ஒதுக்கிவிடலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய உரைகளைத் திரும்பப் படித்தபோது அவை வேறு விதமாகத் தெரிந்தன. 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல் ஆற்றிய உரை மிகச் சுருக்கமானது. அதில் ஒரு டாலர் தொகைகூடக் குறிப்பிடப்படவில்லை. போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவத் தயார், ஆனால் திட்டத்தை வகுக்கும் முயற்சி ஐரோப்பாவிலிருந்தே வர வேண்டும் என்பதே அதன் சாரம். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் அதை உடனே பற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சட்டமாகி, ஏறத்தாழ 1,300 கோடி டாலர் உதவியாக விரிந்த மார்ஷல் திட்டத்தின் முதல் சொற்கள் பட்டமளிப்பு நாளன்று பேசப்பட்டவை. 1963 ஜூன் 10 அன்று வாஷிங்டனின் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பேசிய கென்னடி, மற்ற நாடுகள் நடத்தாதவரை வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்த மாட்டோம் என்று அறிவித்தார். சோவியத் பத்திரிகைகள் அந்த உரையை வெளியிட்டன. ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில், நிலத்தடிச் சோதனைகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற அணுகுண்டுச் சோதனைகளைத் தடைசெய்யும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மனியின் யோஷ்கா ஃபிஷர், தூதர் சொன்னதற்கு இன்னும் நெருக்கமான சான்று. 2000 மே 12 அன்று பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியக் கூட்டாட்சி பற்றிப் பேசிய அவர், தாம் வெளியுறவு அமைச்சராக அல்லாமல் தனிப்பட்ட முறையில் பேசுவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். அமைச்சர் அப்படிச் சொல்லிவிட்டால் மட்டும் அமைச்சர் இல்லாமல் போய்விடுவாரா என்பது வேறு கேள்வி.

இப்போதெல்லாம் நான் மிகக் குறைவாகவே குறிப்பெடுக்கிறேன். உரையாளர் எப்போது "நாங்கள்" என்கிறார், எப்போது "நான்" என்கிறார் என்பதை மட்டும் கவனிக்கிறேன். மற்றவர்களுக்கும் இத்தகைய அனுபவங்கள் இருக்கும் என்பதால் பகிரக் கேட்டுக்கொள்கிறேன்.

*

மாணவத் தொண்டராக ஒலிவாங்கியுடன் அரங்கில் ஓடிய ஒருவர்:

நீங்கள் உரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேள்வி நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். மூன்று ஆண்டுகள் அரங்கில் ஒலிவாங்கியை ஏந்திச் சென்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு: கையை உயர்த்துபவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. கேள்விக்கு முன்னுரையாகத் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லத் தொடங்குபவரிடம், பிடியை விடாமல் நாமே வாயருகே நீட்ட வேண்டும் என்று எனக்கு மூத்த மாணவி ஒருவர் முதல் நாளே கற்றுக்கொடுத்தார்.

ஐ.நா. பாதுகாப்பு அவை குறித்த ஓர் உரையின்போது நடந்தது மறக்க முடியாதது. உரையாளர் சட்ட அறிஞர். பதினைந்து உறுப்பினர்களில் ஒன்பது பேர் ஆதரிக்க வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலும் தீர்மானம் தோற்கும் என்று அவர் தெளிவாக விளக்கி முடித்திருந்தார். முதலில் எழுந்தவர் உலக ஒழுங்கின் வீழ்ச்சி பற்றி ஐந்து நிமிடங்கள் பேசிவிட்டு, "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடித்தார். உரையாளர் புன்னகையோடு ஏதோ பொதுவாகச் சொன்னார். அடுத்து, கடைசி வரிசையில் இருந்த முதலாண்டு மாணவி ஒருவர் ஒரே வாக்கியம் கேட்டார்: "சாசனத்தின் 27ஆம் பிரிவு நிரந்தர உறுப்பினர்களின் இசைவான வாக்கு தேவை என்கிறதே, அப்படியானால் அவர்களில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் தீர்மானம் நிறைவேறுவது எப்படி?"

உரையாளர் தம் தாள்களை மூடி வைத்துவிட்டார். சாசனத்தின் சொற்களை நேராகப் படித்தால் ஐயம் எழுவது நியாயமே என்று ஒப்புக்கொண்டு, நடைமுறை எப்படி அந்தச் சொற்களைத் தாண்டிச் சென்றது, 1971இல் நமீபியா பற்றிய ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றம் அந்த நடைமுறையை எப்படி ஏற்றது என்பதைப் பதினைந்து நிமிடங்கள் எடுத்துச் சொன்னார். தயாரித்து வந்த உரையைவிட அந்தப் பதில்தான் அன்றைய உரை. அவர் அப்போது யாருடைய சார்பிலும் பேசவில்லை. தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

*

சமூகநலத் திட்டங்களில் களப்பணியாற்றியவர்:

வெளியுறவு உரைகளுக்கு நான் அதிகம் சென்றதில்லை. பொதுக்கொள்கை உரைகளில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். அங்கே பேசுபவர் பெரும்பாலும் ஆய்வாளர், ஆனால் அவர் மதிப்பிட்ட திட்டத்தின் ஆலோசகராகவும் இருந்திருப்பார். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரேசா திட்டம் குறித்த உரை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வது, குடும்பத்தினர் மருத்துவப் பரிசோதனைக்கு வருவது ஆகிய நிபந்தனைகளின்பேரில் தாய்மார்களிடம் நேரடியாகப் பணம் வழங்கிய திட்டம் அது. மதிப்பீட்டுக்காக 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 320இல் முதலில் தொடங்கி, 186 கிராமங்களை ஒப்பீட்டுக்காகக் காத்திருக்க வைத்தார்கள். வரைபடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் தெளிவாகவே இருந்தன.

"காத்திருந்த கிராமங்களில் இருந்தவர்களிடம் என்ன சொல்லப்பட்டது?" என்று கேட்டேன். களத்தில் பட்டியலில் இல்லாதவர் வீட்டு வாசலில் நின்று பதில் சொன்ன அனுபவம்தான் என்னைக் கேட்க வைத்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வழங்கப் பணமும் ஆளும் இருக்கவில்லை, ஆகவே யாரேனும் காத்திருந்தே ஆக வேண்டியிருந்தது, அந்தக் கட்டாயத்தைத்தான் ஆய்வாகப் பயன்படுத்தினார்கள் என்றார் உரையாளர். அது சரியான பதில்தான். ஆனால் அது நான் கேட்டதற்கான பதில் அன்று, அதை அவரும் உணர்ந்தார். சற்று நிறுத்தி, "அதை நான் விசாரித்ததில்லை" என்றார். அந்த உரையாளர் மீது எனக்கு மதிப்பு வந்தது அந்த நொடியில்தான்.

*

இன்னொருவர், சுருக்கமாக:

நான் சென்ற ஒரு கூட்டத்தில், "இது சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடைபெறும்" என்று நெறியாளர் கம்பீரமாக அறிவித்தார். அவருக்குப் பின்னால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, உரையாளரின் பெயர் மூன்றடி உயரப் பதாகையில் இருந்தது. 1927இல் லண்டனில் உருவான அந்த விதி, கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், ஆனால் சொன்னவர் யார் என்பதையோ அவர் எந்த அமைப்பைச் சார்ந்தவர் என்பதையோ வெளியிடக் கூடாது என்பதுதான். முன்னூறு பேர் அமர்ந்திருந்த திறந்த அரங்கில் அதை எப்படிப் பின்பற்றுவது என்று யாரும் கேட்கவில்லை. உரையாளர் மட்டும் அன்று முழுவதும் "நாங்கள்" என்றே பேசினார்.

*

தொடங்கியவர் மீண்டும்:

மேலே உள்ளவற்றைப் படித்த பிறகு, சென்ற வாரம் நடந்த ஓர் உரையில் துணிந்து கையை உயர்த்தினேன். கடல் எல்லை ஒப்பந்தம் பற்றிப் பேசிய முன்னாள் பேச்சுவார்த்தையாளர் அவர். "இன்று நீங்கள் சொன்னவற்றில், பதவியில் இருந்தபோது சொல்லியிருக்க முடியாதது எது?" என்று ஒரே வாக்கியத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்துவிட்டது என்றார். கூட்டம் எழுந்தபின் மேடையருகே சென்றபோது அவரே என்னை அடையாளம் கண்டு, "இரண்டு இருக்கின்றன" என்றார். ஒன்றைச் சொன்னார், இரண்டாவதைச் சொல்வதற்குள் ஏற்பாட்டாளர்கள் அவரைக் காருக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள்.