கேட்டிக்கு ஒரு தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒப்பந்த ஆட்கள் விலகும் முன் நிரந்தரப் பணியாளர்களுக்கு வேலை நுணுக்கங்களைச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு பிரிவு. அலுவலகப் பேச்சில் 'நாலெட்ஜ் டிரான்ஸ்பர்', சுருக்கமாகக் 'கேட்டி' (KT). 'அறிவுப் பரிமாற்றம்' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் கொடுத்து வாங்குவதாயிற்றே?

யாழ்ப்பாண நண்பர்:
'அறிவுக் கையளிப்பு'. பொறுப்பையும் ஆவணத்தையும் கையளிப்பது எங்களுக்கு அன்றாடப் பேச்சு.

மென்பொருள் பொறியாளர்:
நல்ல சொல். ஆனால் கேட்டியில் கோப்புகளைக் கொடுப்பது சிறு பகுதிதான். முதலில் நிரந்தரப் பணியாளர் ஒப்பந்த ஆளோடு உட்கார்ந்து பார்ப்பார். அப்புறம் அவர் செய்வார், ஒப்பந்த ஆள் பக்கத்தில் இருப்பார். கடைசியில் கற்றவரே திருப்பி விளக்க வேண்டும், அதை 'ரிவர்ஸ் கேட்டி' என்போம். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் முதலில் எங்கே பார்ப்பது என்பது பெரும்பாலும் கையேட்டில் இருக்காது. சொல்ல முடிவதைவிட அதிகமாக நமக்குத் தெரியும் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966இல் எழுதியது இதைத்தான்.

தமிழாசிரியர்:
ஐயா சொன்னதில்தான் விடை இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரப்படி 'ஈ' இழிந்தோன் கேட்பது, 'தா' ஒப்போன் கேட்பது, 'கொடு' உயர்ந்தோன் கேட்பது. இங்கே இருவரும் ஒப்போர், ஆகவே 'தா'தான் பொருந்தும். 'அறிவுத் தரவு' என்றிருக்கலாம், அதற்குள் தரவு 'டேட்டா'வுக்குப் போய்விட்டது. நன்னூலோ பாடம் சொல்பவர் 'கொள்வோன் கொள்வகை அறிந்து' சொல்ல வேண்டும் என்கிறது. கொள்ளச் செய்வது கொளுத்தல். 'அறிவு கொளுத்துதல்' பழைய, அருமையான வழக்கு. அதையே எடுப்போம்.

மொழிபெயர்ப்பாளர்:
அம்மா, பொருள் கச்சிதம். ஆனால் இன்று கொளுத்துவது என்றால் தீ வைப்பது. சட்ட ஆவணத்தில் அது வரக்கூடாது.

தமிழாசிரியர்:
வழக்கிழந்தது என்று ஒதுக்கிக்கொண்டே போனால் எந்தச் சொல்லும் மீளாது. பேருந்தும் ஒருநாள் புதிதாகத்தான் இருந்தது.

இன்னொருவர்:
'கைமாற்று' எளிதாக இருக்கிறதே?

மென்பொருள் பொறியாளர்:
கைமாற்று வட்டியில்லாக் கடன், திருப்பித் தர வேண்டியது. வேண்டாம். 'பணியறிவு ஒப்படைப்பு' யாருக்கும் புரியும்.

யாழ்ப்பாண நண்பர்:
கையளிப்பை விட மனமில்லை. ஆனாலும் பணியறிவு நல்ல சேர்க்கை. சரி.

மொழிபெயர்ப்பாளர்:
மூவர் ஒப்புகிறோம், 'பணியறிவு ஒப்படைப்பு' என்றே எழுதுகிறேன். கீழே ஒரு வரையறையும் வைக்கலாமா என்று ஒப்பந்தம் எழுதியவர்களிடம் கேட்கிறேன்: 'பெறுபவர் அந்தப் பணியைத் தாமே செய்து காட்டிய பின்னரே ஒப்படைப்பு நிறைவுறும்.'

தமிழாசிரியர்:
வரையறை மிகச் சரி, அதை விட்டுவிடாதீர்கள். சொல்லை நான் ஏற்கவில்லை. ஒப்படைப்பு என்று தலைப்பிட்டால் கோப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். 'பயிற்றி ஒப்படைத்தல்' என்றாவது போடுங்கள்.