சொல் வேண்டும்: ஆசியான் வட்டார வணிகச் சூழல் பாடம், வியாழன் காலைக்குள்

பீடோங், வகுப்பாசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவின் கெடா மாநிலத்தில், தோட்ட மண்டபத்தில் முறுக்கு, மிளகாய்த்தூள், ஊறுகாய் செய்து விற்பவர்களுக்கு மாலை வகுப்பு. 40 பக்கக் கையேடு வியாழன் காலை அச்சுக்குப் போகிறது. மலாய் மூலத்தில் ‘பெர்செகித்தாரான் பெர்னியாகாஆன்’ என்றிருப்பதை ‘வணிகச் சூழல்’ என்று போட்டுவிட்டேன். அதில் தகராறு வேண்டாம். சிக்கல் ‘இம்பாசான்’. வெளிநாட்டில் சரக்கு இறக்குமுன் அந்த நாட்டுச் சட்டம், வரி, மொழி, மதம், நாணயம், சாலை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை அது. ‘ஆய்வு’ என்றால் பல்கலைக்கழக வேலை என்று பின்வாங்குகிறார்கள். ஒரு சொல் தாருங்கள்.

கோவை, கணினித் தமிழ்:
சூழல் வருடல். ‘ஸ்கேனர்’ கருவிக்கு ‘வருடி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதே வேர், அதே வினை, முடிந்தது.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வருடுவது தடவுவது ஐயா. தாய்லாந்தைத் தடவிக் கொடுத்தால் சரக்கு போய்விடுமா? சொல் வள்ளுவரிடமே இருக்கிறது. ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.’ இங்கே சூழ்தல் என்பது ஆராய்தல். சுற்றி நிற்பதும் சூழல், சுற்றிப் பார்த்து எண்ணுவதும் சூழல். ஒரே வேர் இரண்டு வேலையும் செய்யும்போது கடன் எதற்கு? என் பரிந்துரை: சூழ்வு.

சுங்கைப் பட்டாணி, சுங்க முகவர்:
அண்ணே, ‘சந்தைச் சூழ்வு’ என்று பலகையில் எழுதினால் சூழ்ச்சி என்றுதான் வாசிப்பார்கள்.

ஈப்போ:
‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று 671ஆம் குறள் தொடங்குகிறது. அங்கே சூழ்ச்சி நல்ல சொல். கெடுத்தது நம் தொலைக்காட்சித் தொடர்கள்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:
கெட்ட சொல்லைக் கழுவி எடுக்க வியாழன் வரை போதாது. எங்கள் பக்கம் ‘வியாபாரச் சூழல்’ என்றும் எழுதுவோம். ‘வட்டாரம்’ என்பதையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு வட்டாரம் என்றால் ஊருக்குள் ஒரு பகுதி, தேர்தலில் வரும் சொல். இத்தனை நாடுகளுக்குப் ‘பிராந்தியம்’ தான் பொருந்தும்.

பீடோங்:
மலேசியச் செய்தித்தாள்களில் ஆசியான் எப்போதும் வட்டாரம்தான் அம்மா. அதை மாற்ற மாட்டேன்.

சுங்கைப் பட்டாணி:
சொல் எதுவாயினும் உள்ளடக்கத்தில் சில ஓட்டைகள். கையேட்டில் ‘பத்து நாடுகள்’ என்று இருக்கிறது. 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூர் மாநாட்டில் திமோர்-லெஸ்தே சேர்ந்ததோடு 11. நிறுவன வரி அட்டவணை சரி: சிங்கப்பூர் 17 விழுக்காடு, வியட்நாமும் தாய்லாந்தும் 20, இந்தோனேசியா 22, நமக்கு 24, பிலிப்பீன்ஸ் 25. ஆனால் முறுக்கு வியாபாரியை இடறுவது இந்த எண்கள் இல்லை.

இடறுவது டி படிவம், அதாவது பொருள் ஆசியானில் உருவானது என்று காட்டும் சான்று. ஆசியான் பொருள் என்ற சலுகை வரி கிடைக்க, பொது விதிப்படி வட்டார மதிப்பு, அதாவது பொருளின் மதிப்பில் ஆசியானுக்குள் உண்டான பங்கு, 40 விழுக்காடு இருக்க வேண்டும். இல்லையேல் மூலப்பொருளும் முடிந்த பொருளும் வேறு வேறு நான்கிலக்கச் சுங்கத் தலைப்பில் விழ வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த உளுந்து முறுக்கானால் தலைப்பு மாறிவிடும். இந்தியாவிலிருந்து வந்த காய்ந்த மிளகாயை இங்கே அரைத்தால்? முழு மிளகாயும் 0904, தூளும் 0904. தலைப்பு மாறவில்லை. அப்போது 40 விழுக்காட்டுக் கணக்கைக் காட்ட வேண்டும். அந்தப் பொருளுக்கென்று தனி விதி உண்டா என்பதை அதற்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ‘அரைத்தது பீடோங்கில்தானே’ என்ற வாதம் சாவடியில் எடுபடாது.

கோவை:
12ஆம் பக்கத்தில் உலக வங்கியின் ‘டூயிங் பிசினஸ்’ தரவரிசையில் மலேசியா 12ஆவது என்று உள்ளதே. அது 2020 பதிப்பு. தரவில் முறைகேடு தெரிந்ததால் 2021 செப்டம்பரில் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது ‘பி-ரெடி’. எடுத்துவிடுங்கள்.

பீடோங்:
எடுத்தாயிற்று. நன்றி.

ஈப்போ:
பீடோங்கில் நின்றுகொண்டு வணிகச் சொல்லுக்குத் தடுமாறுகிறோம்! ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’ என்கிறது பட்டினப்பாலை. காழகம் கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. கடாரம் கெடா. பழைய வணிகத்தளமான பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே. ‘ஆக்கம்’ என்ற சொல்லே அன்றைய இறக்குமதிப் பட்டியல்.

யாழ்ப்பாணம்:
காழகம் பர்மா என்பாரும் உண்டு ஐயா. அது கிடக்கட்டும். மலாய்க்காரர் மூலதனத்தை ‘மோடால்’ என்கிறார்களே, அது நம் ‘முதல்’. கடை ‘கெடாய்’ ஆயிற்று. கடைக்காரன் சொன்ன சொல்தான் கடல் தாண்டியது. ஆகவே கடைக்காரன் வாயில் ஏறக்கூடிய சொல்லாகப் பாருங்கள்: நோட்டம். நாணயம் நல்லதா கள்ளதா என்று பார்ப்பவன் நோட்டக்காரன். சூழல் நோட்டம்.

சுங்கைப் பட்டாணி:
திருடன் வீட்டை நோட்டமிடுவான் என்பார்களே?

யாழ்ப்பாணம்:
வியாபாரியும் அதைத்தான் செய்யப் போகிறான், பகலில்.

பீடோங்:
பிடித்திருக்கிறது. நோட்டத்துக்கு ஒரு மாதிரிப் பக்கம் வேண்டும். தாய்லாந்தை எடுத்துக்கொள்ளலாமா?

சுங்கைப் பட்டாணி:
புக்கிட் காயு ஈத்தாம் எல்லைச் சாவடி வழி போகிறவர் முதலில் ஒரு வாரத்துக் கட்டம் போடட்டும். கெடாவில் அலுவலக விடுமுறை வெள்ளி, சனி. தாய்லாந்தில் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் ஆள் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரை, நான்கே நாள். அதிலும் நமக்கு 9 மணி என்றால் அங்கே 8. அடுத்தது ஆண்டு: 2026 அங்கே பௌத்த ஆண்டுக்கணக்கில் 2569. விலைச்சீட்டிலும் காலாவதித் தேதியிலும் எந்த ஆண்டுக்கணக்கு என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது பொட்டலத்தில் ஒட்டும் சிட்டை, தாய்லாந்து மொழியில். இதே முறுக்கு இந்தோனேசியாவுக்கு என்றால் வரிசை தலைகீழ்: 2014ஆம் ஆண்டின் 33ஆம் சட்டப்படி ஹலால்தான் முதல் கேள்வி. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்று இருந்தாலும் அங்கே பதிய வேண்டும். ஒரே பட்டியலைப் பதினொரு நாட்டுக்கும் படியெடுத்து ஒட்டினால் அது நோட்டமும் இல்லை, சூழ்வும் இல்லை.

கோவை:
அப்படியானால் தலைப்பு ‘வணிகச் சூழல்கள்’ என்று பன்மையில் இருக்க வேண்டாமா?

பீடோங்:
ஆமாம், பன்மையே சரி. ‘சூழல் நோட்டம்’ அச்சகத்துக்குப் போய்விட்டது. மூன்று பேர் ஆதரவு, அதில் ஒருவர் அலுத்துப்போய். ஈப்போ ஐயா பொறுத்தருள்க.

ஈப்போ:
பொறுத்தேன், ஒப்பவில்லை. நோட்டம் கன்னடத்து ‘நோடு’ அல்லவா? தூய்மை போயிற்று.

யாழ்ப்பாணம்:
கன்னடம் எப்போது ஐயா அந்நியம் ஆனது?

ஈப்போ:
அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.