முதல் கடைவாய்ப்பல் பாதியில் நிற்கிறது, பால்பல்லை எடுக்கலாமா?

கேள்வி: வயது 7. மேல் வலது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் பின்பாதி மட்டும் வெளியே தெரிகிறது. முன்பாதி பால் கடைவாய்ப்பல்லுக்கு அடியில் சிக்கியிருக்கிறது. இடப்பக்கம் முழுதாக முளைத்துவிட்டது. வலி இல்லை.

மறுமொழி 1: அவசரப்பட்டு எடுக்காதீங்க. முதலில் எக்ஸ்ரே, பால்பல்லின் பின்வேர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பாருங்க. இப்படிச் சிக்குபவற்றில் பாதிக்கு மேல் தானாக விடுபடும், ஆனால் பெரும்பாலும் 7 வயதுக்குள். 3 மாதத்தில் அசைவில்லையென்றால் இரண்டு பல்லுக்கும் நடுவே எலாஸ்டிக் செபரேட்டர் (பற்களை விலக்கும் சிறு ரப்பர் வளையம்). அது நுழையாத இறுக்கமா? அதற்குப் பதில் நடுவே பித்தளைக் கம்பி, ஏறக்குறைய 2 வாரத்துக்கொருமுறை முறுக்கணும்.

மறுமொழி 2: செபரேட்டர் ஈறுக்குள் நழுவலாம், எக்ஸ்ரேயில் தெரியும் வகையே நல்லது. வேர் பெரிதும் கரைந்து பால்பல் ஆடினால் எடுக்கத்தான் வேண்டும். எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் கடைவாய்ப்பல் முன்னே நகர்ந்து, பால்பல்லுக்குப் பதிலாக முளைக்க வேண்டிய இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எடுத்தபின் கடைவாய்ப்பல்லைப் பின்னே தள்ளும் கருவி, பிறகு ஸ்பேஸ் மெயின்டெய்னர் (அந்த இடத்தைக் காத்து வைக்கும் கருவி).