நகரமைப்பு படித்தால் என்ன வேலை?

மேலத்தெரு அண்ணனுக்கும் மற்ற உறவுகளுக்கும் வணக்கம்.

பாப்பா நகரமைப்பு படிக்க ஆசைப்படுகிறாள், படித்து என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தவர் பேராசிரியர் டொனால்ட் ஷூப். இங்கே யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 1974-ல் சேர்ந்து 2015-ல் ஓய்வு பெற்றவர். அதற்கப்புறமும் எழுதிக்கொண்டே இருந்தார். 2025 பிப்ரவரியில், 86 வயதில் காலமானார்.

கார் நிறுத்தும் இடத்தைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி பெரும்பாலும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் கடைத்தெருவில், இடம் தேடி ஒரு கார் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கணக்கெடுத்தார். சராசரியாக 3.3 நிமிடம், அரை மைல். இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு வருடத்துக்குக் கூட்டினால், வெறும் 15 பிளாக் உள்ள அந்த இடத்தில் சுமார் 9,50,000 மைல்! தெருவோரம் மலிவு, கட்டடத்துக்குள் நிறுத்தினால் காசு அதிகம். சுற்றத்தானே செய்வார்கள்?

பக்கத்து நகரமான பசடேனாவின் பழைய கடைத்தெருப் பகுதியைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். தெருவோரம் கார் நிறுத்தக் காசு வாங்கும் மீட்டர் வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கே கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் இதே தெருக்களுக்குத்தான் செலவாகும் என்று நகராட்சி வாக்குக் கொடுத்ததும் சம்மதித்தார்கள். 1993-ல் மீட்டர் வந்தது, மணிக்கு 1 டாலர். அந்தப் பணத்தில் நடைபாதை, மரம், விளக்கு எல்லாம் வந்தன. அம்மா இங்கே வந்திருந்தபோது அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். முட்டி வலியோடு மெதுவாக நடந்து, மர நிழலில் நின்று, "மேடு பள்ளமே இல்லையே, நிம்மதியா நடக்கலாம்" என்றார். நான் மீட்டரைக் காட்டி, இந்தக் காசில்தான் அம்மா என்றேன்.

வீடு கட்டினால் இத்தனை கார்களுக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதிதான் வாடகையை ஏற்றுகிறது என்பது அவருடைய இன்னொரு வாதம். 2005-ல் 700 பக்கத்துக்கு மேல் அதை விளக்கி எழுதினார். 2022-ல் கலிபோர்னியா சட்டம் போட்டு, முக்கியப் பேருந்து, ரயில் நிறுத்தங்களிலிருந்து அரை மைலுக்குள் அந்த விதியை எடுத்துவிட்டது. ஒரு வாத்தியார் ஒரே விஷயத்தை விடாமல் படித்ததால் நடந்தது இது, அண்ணா. தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

பாப்பாவை ஞாயிறு காலை கூப்பிடச் சொல்லுங்கள். துபாயில் ஒன்பது மணி என்றால் இங்கே சனி இரவு, விழித்துத்தான் இருப்பேன்.