பொருள்: சீரியல் டிவைஸ் சேர்வர் – தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய இயந்திரங்களின் சீரியல் இணைப்பை வலையமைப்போடு சேர்க்கும் சின்னப் பெட்டிதான் சீரியல் டிவைஸ் சேர்வர். அதன் தமிழ்க் கையேட்டுக்காக ஒரு பெயர் தேடுகிறேன். அதற்கு ஒருவர் கேட்டது:

> "தொடர் சாதனச் சேவையகம்" என்று வைத்துவிட்டுப் போகலாமே. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நிறைய இருக்கிறது.

திருநெல்வேலியில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அண்மையில் இதைப் பூட்டினோம். குருதிக் கலங்களை எண்ணும் இயந்திரம் பின்னறையில் நிற்கிறது. அதன் முதுகில் 9 ஊசி ஆர்.எஸ்-232 துறை (பழைய சீரியல் போர்ட்) ஒன்று. முடிவுகளை வாங்கவேண்டிய கணினி முன்மேசையில். இப்போது கடையில் வாங்கும் கணினிகளில் அந்தத் துறை பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் ஆர்.எஸ்-232 வயரை 15 மீற்றருக்கு மேல் இழுத்தால் நம்பமுடியாது. ஆகவே நடுவில் உள்ளங்கையளவு பெட்டி: ஒரு பக்கம் 9 ஊசி, மற்றப் பக்கம் ஈதர்நெற். இயந்திரம் அனுப்பும் பைட்டுகளைப் பொதியாகக் கட்டி, வலையமைப்பில் தரவு அனுப்பும் முறையான ரி.சி.பி வழியாகக் கணினியிடம் கொடுக்கிறது. கணினியில் நிறுவிய டிரைவர், உண்மையில் இல்லாத ஒரு கொம் துறையை (சீரியல் துறையை) இருப்பதாகக் காட்டுகிறது. பாவம், பழைய மென்பொருள் அதை நம்பி வேலை செய்கிறது.

இதில் 'சேவையகம்' எங்கே? ரி.சி.பி சேர்வர் முறையில் வைத்தால் பெட்டி காத்திருக்கும், கணினி வந்து இணைப்புக் கேட்கும். அதுவரை சரி. கிளையன்ற் முறைக்கு மாற்றினால் பெட்டிதான் கணினியைக் கூப்பிடும். அப்போது கையேட்டில் "சேவையகத்தைச் சேவைபெறுநர் முறையில் வையுங்கள்" என்று எழுதவேண்டி வரும். வாசிக்கிறவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

> அப்படியானால் "மாற்றி" போதாதா?

போதாது. ஆர்.எஸ்-232ஐ நீண்ட தூரம் போகும் ஆர்.எஸ்-485 இணைப்பாக ஆக்கும் சின்னப் பெட்டியைத்தான் எல்லோரும் மாற்றி என்கிறோம். அது வோல்ற்றளவை மாற்றுவதோடு சரி. இரண்டு வயரில் 1200 மீற்றர் வரை போகலாம், ஆனால் அதற்கு ஐ.பி முகவரியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கடைக்காரர் கையில் எட்டினதைத் தருவார்.

'நுழைவாயில்' (கேட்வே) என்பதையும் நான் ஏற்கமாட்டேன். பெட்டியின் அமைப்புப் பக்கத்திலேயே ஐ.பி நுழைவாயில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தவிர, தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மொட்பஸ் முறையில், சீரியல் வயரில் போகும் மொட்பஸ் ஆர்.ரி.யூவை வலையமைப்பில் போகும் மொட்பஸ் ரி.சி.பியாக மாற்றி 502ஆம் துறையில் பேசும் கருவிக்கு அந்தப் பெயர் வேண்டும். அது செய்தியைப் பிரித்து, பிழைச்சோதனைப் பைட்டுகளைக் கழற்றி, புதுத் தலைப்பு வைத்து அனுப்புகிறது. எங்கள் பெட்டி கடிதத்தை உடைத்துப் பார்ப்பதில்லை. இது நடைமுறையிலும் முக்கியம்: மொட்பஸ் ஆர்.ரி.யூவில் மூன்றரை எழுத்து நேரம் அமைதி இருந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். பெட்டி ஒரு செய்தியை இரண்டு பொதியாக வெட்டி அனுப்பினால் மறுமுனை குழம்பும். பொதியாக்கும் இடைவெளியைப் பார்த்து வைக்கவேண்டும்.

என் முன்மொழிவு: வலைச்சேர்ப்பி. கருவியை வலையமைப்பில் சேர்க்கிறது. பைட்டுகளை உரியவரிடம் சேர்ப்பிக்கிறது. எந்த முறையில் வைத்தாலும் பெயர் பொய்யாகாது.

இன்னொன்று, துறை. பருத்தித்துறைக்காரனான எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் இந்தப் பெட்டியில் வயர் செருகும் துறையும் உண்டு, ரி.சி.பி துறையும் உண்டு. முதலாவதைச் 'செருகுதுறை' என்றும் மற்றதைத் 'துறை எண்' என்றும் பிரிக்கலாம். ஒலிபெயர்ப்புக்குப் போகவே வேண்டாம். உதவிக்கு வந்த பெடியன் தொலைபேசியில் "அண்ணை, போட் எத்தினை?" என்றான். நான் வேகத்தைக் கேட்கிறான் என்று நினைத்து "9600" என்றேன். எங்கள் வாயில் போர்ட்டும் போட்தான், போட் ரேட்டும் போட்தான். அவன் ரி.சி.பி துறைக்கு 9600 போட்டுவிட்டான். கணினியோ 4001ஆம் துறையைத் தட்டிக்கொண்டே இருந்தது, திறக்க ஆளில்லை.

———

வணக்கம் ஐயா, சென்னையிலிருந்து.

வலைச்சேர்ப்பி நன்றாக இருக்கிறது. ஆனால் யூ.எஸ்.பியில் செருகும் ஈதர்நெட் அடாப்டரும் கணினியை வலையில் சேர்ப்பதுதானே? அதையும் இப்படிச் சொல்லிவிடுவார்கள். முன்னால் 'தொடர்' வேண்டும். இல்லையென்றால் 'வரிசை', சீரியல் நம்பரை வரிசை எண் என்றுதானே சொல்கிறோம்? 'சீரியல்' மட்டும் வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் சீரியல் வரவில்லை என்றால் இரவு எட்டு மணி நாடகத்தைத்தான் நினைக்கிறார்கள்.

———

தம்பி, நியாயமான கேள்வி. தனித் 'தொடர்' எனக்கு இடிக்கிறது: பிள்ளைகள் பௌதிகவியலில் தொடர்ச்சுற்று, சமாந்தரச் சுற்று என்று படிக்கிறார்கள், தொடர்ச் சாதனம் என்றால் மின்குமிழ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியது போலாகும். 'வரிசை' கியூவுக்குப் போய்விட்டது. பிற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வழி என்பதால் 'தொடர்வழி' என்று கொள்வோம். முழுப்பெயர் தொடர்வழி வலைச்சேர்ப்பி. ஒரு தடவை சொன்னபின் வலைச்சேர்ப்பி.

சொல் நிற்குமா என்று பார்க்கக் கையேட்டில் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"வலைச்சேர்ப்பியையும் இயந்திரத்தையும் 2ஆம், 3ஆம் ஊசிகள் குறுக்கே மாற்றிய வயரால் இணைக்கவும், 5ஆம் ஊசி நேராக இருக்கட்டும். மொக்ஸா நிறுவனத்தின் என்போர்ட் வகையில் முன்னிருப்பு முகவரி 192.168.127.254. கணினிக்கு அதே வலையமைப்பில் வேறொரு முகவரியைத் தற்காலிகமாகக் கொடுத்து, உலாவியில் அமைப்புப் பக்கத்தைத் திறக்கவும். முதலில் கடவுச்சொல்லை வைக்கவும். அப்புறம் உங்கள் வலையமைப்புக்குரிய நிலையான முகவரியைக் கொடுக்கவும். செருகுதுறையின் வேகம், தரவுப் பிற்றுகள், நிறுத்தப் பிற்று மூன்றும் இயந்திரத்தில் உள்ளபடியே இருக்கவேண்டும். வலைச்சேர்ப்பியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம்."

எனக்கு இடறவில்லை. பரிட்டிக்கும் (பிழை காட்டக் கூடச் சேர்க்கும் பிற்று) ஃப்ளோ கொன்ட்ரோலுக்கும் (தரவை நிறுத்தி அனுப்பும் கட்டுப்பாடு) சொல் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள். அச்சுக்குப் போகுமுன் கிடைத்தால் சேர்த்துவிடுகிறேன்.