இணையத்தில் ஓவியம் வாங்கியவர்களே, மனத்தை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

பினாங்குக்காரி

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் மின்விசிறி தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. ‘பழைய இந்திய சாமி படம், 80 வெள்ளி (ரிங்கிட்).’ மங்கலான படம், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சாய்த்து எடுத்திருந்தார்கள். வீணையும் மயிலும் தெரிந்தால் போதாதா? ரவி வர்மாவின் சரஸ்வதி. சேலை முழுக்க ஜிகினா வைத்துக் கையால் தைத்திருந்தது.

வீடு பட்டர்வொர்த் பக்கம், பிறை என்ற ஊரில். அன்று சாயங்காலமே போய்விட்டேன். விற்றவர் வயதான சீனப் பெரியவர். பிரேமின் மேல்விளிம்பு ஊதுபத்திப் புகையில் கறுத்திருந்தது. அவருடைய அம்மா அந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே படம் சுவரில் இருந்ததாம். முன்பு இருந்த தமிழ்க் குடும்பம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சாமியை இறக்கக் கூடாது என்று அந்தம்மா தன் சாமிகளோடு இதற்கும் சேர்த்து ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார், கடைசிவரை. இப்போது அவர் இல்லை, வீட்டைக் காலி செய்கிறார்கள்.

பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நாக் செம்பாயாங் கா, நாக் ஜுவால்?” என்றார். கும்பிடவா, விற்கவா என்று கேட்கிறார். கும்பிடத்தான் என்று சொன்ன பிறகுதான் பிடியை விட்டார். 50 போதும் என்று மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்னால் ஒட்டியிருப்பது பழைய தமிழ் நேசன் நாளிதழ்த் தாள். கப்பல் விளம்பரம் ஒன்று, தமிழ்நாட்டுக்குப் போகும் ரஜூலா புறப்படும் தேதி. தேதி இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போன குடும்பமா? பெட்டி படுக்கையெல்லாம் கட்டியவர்கள் சரஸ்வதியை மட்டும் ஏன் விட்டுப் போனார்கள்? இதுதான் என்னைப் போட்டுக் குடைகிறது.

செந்தூல்வாசி

என்னுடையது கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம். 1910இல் கட்டியது, அந்தக் குவிமாடங்கள், தெரியும்தானே. ‘அசல் நீர்வண்ண ஓவியம்’ என்று போட்டு 350 வெள்ளிக்கு விற்றார்கள். வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வண்ணம் கசிந்த இடம், அழித்த பென்சில் கோடு, எல்லாம் அப்படியே இருந்தது.

மகனுடைய பூதக்கண்ணாடி மேசையில் கிடந்தது. எடுத்து ஓவியரின் கையெழுத்து மேல் வைத்தேன். கறுப்பு மை இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப்பொடிப் புள்ளிகள், வரிசை பிசகாமல். அடுத்து பென்சில் கோட்டின் மேல் வைத்தேன். அதுவும் புள்ளிதான். விற்றவரைக் கேட்டேன். “அசலைப் பார்த்துத்தானே அச்சடித்தோம், அப்புறம் அசல் இல்லாமல் என்ன?” என்று எழுதினார். அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பினாங்குக்காரி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுடையதும் அச்சுப்படம்தானே? 50 வெள்ளிக்கு நல்லதுதான், ஆனால் அதை ஓவியக் கணக்கில் சேர்க்க முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

செந்தூல் தம்பி, உங்களை ஏமாற்றியதற்கு எனக்கும் கோபம்தான். அதற்காக அச்சு என்றாலே மட்டம் என்று பேசாதீர்கள். ரவி வர்மா தாமே 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்தார், ஜெர்மன்காரர்களை வேலைக்கு அமர்த்தினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சு ஏற வேண்டும், இம்மி விலகினால் முகம் கெட்டுவிடும். கோவிலுக்குள் போக முடியாத மக்கள் வீட்டுக்குள்ளே சாமி வந்தது அந்தப் படங்களால்தான். அதன் மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்து ஜிகினா தைத்திருக்கிறார். அந்தச் சரஸ்வதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கு வந்ததில் தப்பு அச்சில் இல்லை, சொன்ன பொய்யில்.

என் அனுபவம் சின்னது. பினாங்கு ஹின் பஸ் டிப்போ ஞாயிற்றுச் சந்தையில் கடை போடும் ஒரு பெண்ணை இன்ஸ்டாகிராமில் பார்த்து லினோ அச்சு (லினோலியப் பலகையில் செதுக்கி அடிப்பது) ஒன்று வாங்கினேன், காலை நேரத்து இடியாப்பக் கடை. ஓரத்தில் பென்சிலால் 7/30, அதாவது முப்பதில் ஏழாவது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முப்பது அடித்து முடித்ததும் பலகையைக் குறுக்கே கீறி, அதையும் படம் எடுத்து அனுப்பினாள். இனி யாருக்கும் அது கிடைக்காது. தான் செதுக்கியதைத் தானே கீறிய அந்தப் படம்தான் என் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கப் படத்தை மட்டும் நம்பிப் பணம் போடாதீர்கள், பின்பக்கம் கேளுங்கள். பழைய பிரேம் என்றால் ஆணி துருப்பிடித்திருக்கும், பலகை நிறம் மாறியிருக்கும், கடை ஒட்டுச்சீட்டு இருக்கும், இதையெல்லாம் பொய்யாகச் செய்வது சிரமம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு சின்ன வீடியோ கேளுங்கள். எண்ணெய் வண்ணமாக இருந்தால் தூரிகை மேடு நிழல் கட்டும், அச்சு தட்டையாகக் கிடக்கும். அதிலும் பிளாஸ்டிக் பசையைத் தடவி மேடு காட்டுகிறவர்கள் உண்டு, மேடு வரைந்த கோட்டோடு போகிறதா, சம்பந்தமில்லாமல் போகிறதா என்று பாருங்கள். பழைய கல்லச்சில்கூடப் புள்ளி இருக்கும். ஆனால் அது கையால் வைத்தது, பெரிதும் சிறிதுமாகக் கலைந்திருக்கும். தம்பி பார்த்த மாதிரி வரிசை கட்டி நிற்காது. அளவைச் சென்டிமீட்டரில் கேளுங்கள். சோபாவுக்கு மேலே மாட்டிய மாதிரி கணினியில் ஒட்டிக் காட்டுவார்கள், வந்து பார்த்தால் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அது விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் தாளில் வரைந்ததைக் கண்ணாடியோடு ஒட்டி பிரேம் போடாதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். நடுவில் அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். பினாங்குக்காரி, அந்தக் கரையான் தாளை மட்டும் பிய்த்து எறிந்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

கெப்போங்

நான் தஞ்சாவூரிலிருந்தே வரவழைத்தேன். வாட்ஸ்அப்பில் ஓவியரிடம் நேராகப் பேசி, ஆலிலைக் கிருஷ்ணன். பலகையில் துணி ஒட்டியது, சுண்ணமும் பசையும் குழைத்து நகைக்கு மேடு கட்டியது, தங்கத் தாள் அழுத்தியது என்று கட்டம் கட்டமாகப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். முகத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். கண் திறக்கும் அன்று வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, “நீங்களும் பேசாதீங்க, நானும் பேச மாட்டேன்” என்றார்.

என் மனைவி, அம்மா, நான், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். மெல்லிய தூரிகை. இடது கண் வந்தது. அதுவரை பொம்மையாக இருந்த பிள்ளை சட்டென்று எங்களைப் பார்த்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தூரிகை வலது பக்கம் போகும்போது லைன் அறுந்துவிட்டது! திரும்பக் கூப்பிட்டோம், அவர் எடுக்கவில்லை. வேலை நடுவில் எப்படி எடுப்பார்? அந்த வலது கண்ணை பார்சல் வந்த பிறகுதான் பார்த்தோம். படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் பார்வை வலது கண்ணுக்குத்தான் போகிறது.

அம்பாங்

சையத் தாஜுதீன் ஓவியம் ஒன்று இணைய ஏலத்தில் வந்தது. ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்தவர். அந்த நீண்ட கண்களை எங்கே பார்த்தாலும் அவருடையது என்று சொல்லிவிடலாம். மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏலம் கேட்டேன். என்னால் முடிந்த தொகையைத் தட்டி, பொத்தானை அழுத்துவதற்குள் விலை என்னைத் தாண்டிவிட்டது. போனதில்கூட வருத்தமில்லை. அது இனி யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விடும், நான் மறுபடி பார்க்கவே முடியாது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பழஞ்சரக்கு, ஜெலுத்தோங்

பிறைப் பெரியவர் கேட்ட கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. நான் வாங்கி விற்கிறவன். ஜார்ஜ்டவுனில் பழைய வீட்டு வாடகையை ஏற விடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியபோது எத்தனை வீடுகள் காலியாயின என்று இங்கே வயதானவர்களைக் கேளுங்கள். சாமி படம், குடும்பப் படம், எல்லாம் ஐந்தடியில், அதாவது கடைவீட்டு முன்நடையில், கிடந்தன, மழையில் நனைந்தன. அன்று குனிந்து எடுத்தவர்கள் எங்களைப் போன்ற ஆட்கள்தான். விற்கிறவன் கையில் போனால் சாமிக்கு அவமானம் என்று நினைக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் அக்கா, உங்கள் பட்டியல்படி எல்லாரும் கேட்க ஆரம்பித்தால் 40 வெள்ளிப் பொருளுக்கு நாங்கள் நாள் முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் கதை இது. பட்டர்வொர்த்தில் ஒரு கட்டு பிரேம்கள் மொத்தமாக எடுத்தேன். அதில் ஒரு நடுவயது அம்மாவின் பெரிய படம், ஸ்டூடியோவில் எடுத்து மேலே கையால் வண்ணம் தீட்டியது. காதில் பாம்படம், தோள்வரை தொங்கும் காது. வண்ணம் தீட்டியவன் பாம்படத்துக்கு மட்டும் மஞ்சளை இரண்டு முறை பூசியிருக்கிறான், தொட்டால் தடிப்பு தெரியும். இணையத்தில் போட்டேன். நிறைய பேர் விலை கேட்டார்கள், சுவர் அலங்காரத்துக்கு வேண்டும் என்று ஒரு காப்பிக்கடைக்காரர் நல்ல விலையே சொன்னார். நடுவில் ஒரு பெண் மட்டும் “யார் இவங்க?” என்று எழுதியிருந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரியே விளம்பரத்தை எடுத்துவிட்டேன். படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

செந்தூல்வாசி

பிரிக்பீல்ட்ஸ் அக்கா, ஜிகினா தைத்த கை பற்றிச் சொன்னீர்களே, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி இயந்திரத்தில் அடித்ததை இயந்திரத்தில் அடித்தது என்று சொல்லித்தான் விற்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மாக் மண்டின் மருமகள்

பழஞ்சரக்கு அண்ணா, அந்தக் கட்டு பட்டர்வொர்த்தில் எந்தத் தெருவில் எடுத்தீர்கள்? எங்கள் மாமியார் குடும்பம் மாக் மண்டினில் இருந்தது, சாமான்களை யாரோ மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதாகச் சொல்வார். அவருடைய பாட்டி பாம்படம் போட்டவர், ஒரு படம்கூட மிஞ்சவில்லை. எங்கள் பாட்டியாகவே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்போது பாம்படம் போட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் ஒரு முறை காட்டிவிட வேண்டும். இங்கே பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கைப்பேசியில் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, நீங்கள் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை அவரையே ஜெலுத்தோங்குக்கு அழைத்து வருகிறேன்.