பைப்பிங்: குழாயரிப்பு வேண்டாம், புரையோடல் என்று வைப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பூங்கா ஏரிகளின் கரையை நடந்து பார்க்கும் ஆட்களுக்கான கையேட்டுக்கு, கசியும் தண்ணீர் மண்கரைக்குள் அரித்துத் துளை போடும் ‘பைப்பிங்’ (piping) என்பதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய பேச்சு, ‘குழாயரிப்பு’, ‘சுரங்க அரிப்பு’ இரண்டில் எது என்ற இடத்தில் வந்து நிற்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து என் பங்குக்கு: இரண்டும் வேண்டாம்.

> குழாயரிப்பு என்றால் படித்த உடனே புரியும்.

புரியும், ஆனால் வேறு எதுவோ புரியும். கரையைக் குறுக்கே தோண்டி, செடிக்குத் தண்ணீர் விட பைப் போடாத பூங்கா ஏரி எங்கே இருக்கிறது? குழாயரிப்பு என்று படித்தவர் அந்த பைப் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, ‘இல்லை’ என்று டிக் அடித்துப் போய்விடுவார். சுரங்கம் இன்னும் மோசம். கிரானைட் குவாரிகள் நிறைந்த எங்கள் பக்கம் சுரங்கம் என்றாலே நினைப்பு கனிமவளத் துறைக்குப் போய்விடும்.

முதலில் நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். மண்கரை என்று இருந்தால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தால்தான் வினை. வெளிப்பக்கக் கரையடியில், தண்ணீர் வெளியே வரும் இடத்தில், முதலில் நாலு பருக்கை மண் நகரும். அந்த இடம் லேசாகக் குழிந்ததும் அக்கம்பக்கத்துக் கசிவெல்லாம் அங்கேயே இழுபடும். வேகம் கூடும், இன்னும் மண் போகும். வாய் வெளியே இருக்க, துளை கரைக்குள் ஏரியைப் பார்த்துப் பின்னோக்கி வளரும். அது ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்குதான்.

அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணையை முதல்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5, காலை 7 மணி வாக்கில் கலங்கிய தண்ணீர் கசிவதைப் பார்த்தார்கள். ஓட்டையில் மண் தள்ளி மூட இரண்டு புல்டோசர்களை இறக்கினார்கள். இரண்டையும் ஓட்டை விழுங்கியது. பகல் 11.57க்கு அணை போய்விட்டது. உலக அளவில் மண்ணணைகள் உடைந்ததற்கான காரணங்களில் ஏறக்குறையப் பாதி, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது. கிட்டத்தட்ட மறுபாதி இந்த உள்வேலை.

இதற்குத் தமிழில் வினைச்சொல்லே தயாராக இருக்கிறது: புரையோடுதல். புரை என்றால் உள்துளை. புண் புரையோடிவிட்டது என்றால், வெளியே சின்ன வாய்தான், உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது என்பது யாருக்கும் விளக்காமலே விளங்கும். ‘கரை புரையோடியிருக்கிறது’, ‘புரையோடிய கரை’ என்று வாக்கியத்தில் தடங்கலில்லாமல் உட்காரும். தண்ணீர் வெளிவரும் இடத்துக்குப் புரைவாய் என்று கூடவே ஒரு சொல்லும் கிடைக்கிறது. குழாயரிப்பை வைத்துக்கொண்டு இப்படி வினை பண்ண முடியாது.

கண்புரை இருக்கிறதே, புரையேறுவது இருக்கிறதே, பாலுக்குப் புரை ஊற்றுவது இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஏரிக்கரையில் நின்று பேசுகிறவருக்கு அந்தக் குழப்பம் வராது. எனக்கு உறுத்துவது வேறு. கரைமேல் வழிவதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘கரைபுரளல்’ என்று வைத்திருக்கிறோம். ராத்திரி மழையில், பாதி கேட்கும் போனில், ‘கரை புரளுது’ என்பதும் ‘கரை புரையோடுது’ என்பதும் ஒன்றுபோலக் காதில் விழும். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. அதனால் கரைபுரளலை எடுத்துவிட்டு ‘மேல்வழிதல்’ என்று மாற்றச் சொல்கிறேன். ‘வழியுது’ என்பதை யாரும் தப்பாகக் கேட்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து எழுதிய அம்மையார், ‘உள்ளரிப்பு’ இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றார். உள்ளரிப்பு நல்ல சொல். அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வோம். விரிசல் வழியாகத் தண்ணீர் பாய்ந்து அரிப்பதும், பருமண்ணை விட்டுவிட்டு நுண்மண் மட்டும் கழுவிப்போவதும் அதில் அடங்கும். புரையோடல் அதில் ஒரு வகை.

கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் நடந்ததும் இதுதானே என்று கேட்ட நண்பருக்கு: இல்லை. அங்கே உடைந்தது எட்டு ஷட்டர்களில் ஒன்று. 2024 ஆகஸ்டில் துங்கபத்ராவில் 19ஆம் மதகின் சங்கிலி அறுந்ததும் அந்த வகை. இரும்பு போனால் மதகுப் பழுது, மண் போனால்தான் நம் சொல்.

> நண்டு வளையால் கரை உடைவதற்கும் இதே சொல்லா?

வளை வேறு, புரை வேறு. ஆனால் வளையிலிருந்து புரை தொடங்கலாம். எலிப் பொந்து, வெட்டிய மரத்தின் அழுகிய வேர், மதகுக் குழாயின் கட்டுமானத்தை ஒட்டி மண் விட்டுப்போன இடம், எல்லாமே தண்ணீருக்குக் குறுக்குவழி. அதிலும் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2019 ஜூலையில் திவரே அணை உடைந்தபோது அமைச்சர் ஒருவர் நண்டுகளைக் காரணம் சொல்லி நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானார். நண்டு கரையைத் துளைக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள் என்பதுதான் அங்கே பெரிய விஷயம்.

இப்போது கொஞ்சம் விலகி, பூங்கா ஏரி என்பதால் வரும் தனிச் சிக்கல். அவதானப்பட்டி மாதிரி படகு விடுகிற ஏரிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். அங்கே பழுது என்று சொல்லவில்லை. பாசன ஏரி வருஷத்தில் சில மாதமாவது வற்றும், கரை காயும், விரிசலோ பொந்தோ கண்ணில் படும். படகு விடும் ஏரியில் தண்ணீரை முடிந்தவரை இறக்கவே விடமாட்டார்கள். அதைவிட வம்பு, வெளிப்பக்கக் கரையடியில் புல்தரை போட்டுத் தினமும் தண்ணீர் அடிப்பது. அந்த ஈரம் ஹோஸ் தண்ணீரா ஏரித் தண்ணீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரைமேல் நடைபாதை, விளக்குக் கேபிளுக்குத் தோண்டிய பள்ளம், அழகுக்கு நட்ட மரம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல காரியம். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளில் அடங்குபவற்றையும்தான் எடுத்துக்கொள்கிறது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு என்ற கட்டாயம் அவற்றுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள கரைக்கு, பார்க்கிறவர் கண்தான் காவல். அவருக்குச் சொல் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நான் இவ்வளவு நீட்டுவது அதனால்தான்.

அடுத்த சொல்: மண் கலந்து வரும் கசிவு. ‘கலங்கல் கசிவு’ என்று ஒருவர் முன்மொழிந்தார். பாதித் தமிழ்நாட்டில் கலங்கல் என்றால் ஏரியின் உபரிநீர் வழியும் இடம். அந்த வழிச்சுவர் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் ‘ஏரி கோடி போகுது’ என்போம், ஆனால் கையேடு இங்கே மட்டும் போகப்போவதில்லை. ‘மண்கசிவு’ போதும். தெளிந்து வந்தால் நீர்க்கசிவு, கலங்கி வந்தால் மண்கசிவு. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் படிவது காட்டிக்கொடுத்துவிடும்.

கையேட்டில் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

‘கரையடியில் மண்கசிவு கண்டாலோ, மணல் குமிழியிட்டு மேலே வந்தாலோ, கரை புரையோடத் தொடங்கியிருக்கலாம். புரைவாயைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்காதீர்கள். தண்ணீர் வேறு வாய் தேடும். பொறியாளரை உடனே அழையுங்கள். அவர் சொல்படி முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று பரப்பினால் தண்ணீர் வடியும், மண் நிற்கும். ஏரியின் நீர்மட்டத்தை இறக்க ஏற்பாடு செய்யுங்கள். கரைக்குக் கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்துங்கள்.’

கடைசி இரண்டும் மிகை என்று நினைப்பவர்கள் காரம் அணையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் கட்டிக்கொண்டிருந்த அந்த மண்ணணை 2022 ஆகஸ்டில் கசிந்தது. கீழே இருந்த ஊர்களைக் காலி செய்துவிட்டு, பக்கவாட்டில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

இனி முடிவு செய்ய வேண்டியது புரையோடலா, புரையோட்டமா என்பதுதான். ‘ஓட்டம்’ என்று முடிந்தால் நீரோட்டம், மின்னோட்டம் வரிசையில் சேர்ந்து, ஏதோ அளக்கக்கூடிய ஓட்டம் போலத் தோன்றுகிறது. என் ஓட்டு புரையோடலுக்கு. மாற்றுக் கருத்து இருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள். மேல்வழிதலைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.